ஒரே டின் வெள்ளை எல்லாத் துணிக்கும் ஆகுமா?

கேள்வி: ராசிபுரம் பக்கம் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை ஆரம்பித்திருக்கிறேன். நாலு கலர் மேனுவல் மெஷின், மையை மேலாகக் காயவைக்கும் ஃபிளாஷ் ஹீட்டர் ஒன்று, ஒரு ஹீட் பிரஸ் இருக்கிறது. கடைக்காரர் கொடுத்த ஒரே வெள்ளை பிளாஸ்டிசால் மையைத்தான் எல்லாத்துக்கும் போடுகிறேன். கருப்பு காட்டன் டி-ஷர்ட்டில் வெள்ளை சாம்பல் பூத்தாற்போல மங்கலாக விழுகிறது. சிவப்பு கபடி ஜெர்சியில் அடித்த அன்று பளிச்சென்று இருந்த நம்பர், மூன்றாம் நாள் ரோஸ் ஆகிவிட்டது என்று 40 பீஸும் திரும்பி வந்துவிட்டன. நேவி புளூ நைலான் ஜெர்கினில் நகத்தால் சுரண்டினாலே உரிகிறது. இப்போது குழந்தை உடுப்பு தைக்கும் பார்ட்டி ஒருவர் பிவிசி இல்லாத வெள்ளை வேண்டும் என்கிறார். எல்லாத் துணிக்கும் ஆகிற ஒரு வெள்ளை உண்டா? இல்லையென்றால் சிறு பட்டறைக்காரன் எதையெல்லாம் வாங்கி வைக்க வேண்டும்? அந்த ஜெர்சிகளை ஏதாவது செய்ய முடியுமா?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

அப்படி ஒரு வெள்ளை கிடையாது. நீங்கள் எழுதியிருக்கும் நாலு தொல்லைக்கும் நாலு வேறு காரணம். அதில் ஒன்றுகூட உங்கள் கை வேலைத் திறமை சம்பந்தப்பட்டதில்லை, மனம் தளர வேண்டாம். திருப்பூரில் பெரிய யூனிட்களிலேயே துணியைப் பார்க்காமல் டின்னைத் திறந்து லாட் கணக்கில் கெடுத்தவர்கள் உண்டு. எந்த வெள்ளை என்பதைத் தீர்மானிப்பது துணியின் நூலும், அதில் ஏறியிருக்கும் சாயமும், கடைசியாக அதற்குக் கொடுத்த ஃபினிஷிங்கும்தான்.

அதனால் ஆர்டர் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, தையலின் உள்பக்கத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைப்பது. காகிதம் எரிந்த வாசனையோடு தொட்டால் உதிரும் சாம்பலானால் காட்டன் அல்லது விஸ்கோஸ். சுருங்கி உருகி, ஆறியதும் விரலில் கல் மாதிரி உருண்டால் பாலியெஸ்டர் அல்லது நைலான். பாதி எரிந்து, சாம்பலுக்குள் கட்டி நெருடினால் பிசி அல்லது சிவிசி, அதாவது பாலியெஸ்டரும் காட்டனும் கலந்த துணி. பார்ட்டி காட்டன் என்று சொல்லியிருந்தாலும் பற்றவைத்துப் பாருங்கள். பொய் சொல்கிறார் என்பதற்காக அல்ல, பல பேருக்கு அவர்கள் வாங்கிய துணி என்ன என்றே தெரியாது. அடுத்து துணி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் நல்லது. முத்து மாதிரி நின்றால் சிலிக்கான் சாஃப்ட்னரோ, தண்ணீர் ஒட்டாத கோட்டிங்கோ இருக்கிறது. அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த மை போட்டாலும் பிடிப்பு சந்தேகம்தான்.

இப்போது கருப்பு காட்டன். வெள்ளை மையின் உயிர் டைட்டானியம் டை ஆக்சைடு. கீழே இருக்கும் நிறத்தை மறைப்பது அதுதான். விலை குறைந்த வெள்ளையில் அதைக் குறைத்து கால்சியம் கார்பனேட் போன்ற நிரப்பியைக் கூட்டியிருப்பார்கள். டின் கனமாகத்தான் இருக்கும், துணியில் மறைக்காது. இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம். ஒரு கருப்பு அட்டையில் இரண்டு மூன்று கம்பெனி வெள்ளையைப் பக்கத்தில் பக்கத்தில் ஒரே கனத்தில் தேய்த்து இழுங்கள். எது வெள்ளை, எது சாம்பல் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் மை மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு லென்ஸ் வைத்து அந்தப் பிரிண்ட்டைப் பாருங்கள். வெள்ளைப் படலத்தைக் குத்திக்கொண்டு கருப்பு முடி முடியாக நூல் இழைகள் எழுந்து நிற்கும். தள்ளி நின்று பார்க்கையில் அதுதான் சாம்பல் பூத்தாற்போலத் தெரிகிறது. பயோ வாஷ் ஆன துணியில், அதாவது என்சைமில் அலசி மேல் முடியை நீக்கிய துணியில், இந்த முடி குறைவு, வெள்ளை நன்றாக உட்காரும். பயோ வாஷ் இல்லாத துணி என்றால் முதல் கோட்டை ஃபிளாஷில் செமி கியூர் செய்து, அதாவது பாதி வேகவைத்து, அதன் மேல் இரண்டாம் கோட் போடுங்கள். முதல் கோட் முடியைப் படிய வைக்கும், இரண்டாவது நிறத்தைக் கொடுக்கும். ஃபிளாஷ் செய்யும்போது மையைத் தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது, அவ்வளவுதான். முழுக்க வேகவைத்துவிட்டால் மேல் கோட் கீழ் கோட்டோடு சேராமல் பின்னால் உரிந்து வரும். வெள்ளை மை ஃபிளாஷின் சூட்டைத் திருப்பி அடிக்கும், கருப்பு மையைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்கள் எல்லோரும் செய்வது, வெள்ளை சரியாக விழவில்லை என்றதும் மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியை இன்னும் அழுத்துவது. அழுத்த அழுத்த மை துணிக்குள் இறங்கிப்போகும், மேலே ஒன்றும் நிற்காது. வெள்ளையைத் துணிக்குள் தள்ளக்கூடாது, துணி மேல் படுக்க வைக்க வேண்டும். அதற்கு மெஷ், அதாவது ஸ்கிரீனின் வலைத்துணி, முக்கியம். சென்டிமீட்டருக்கு 43 முதல் 55 நூல் உள்ள மெஷ் வெள்ளைக்குச் சரி. மற்ற நிறங்களுக்காக வைத்திருக்கும் 77 நூல் மெஷ்ஷில் அடித்தால் மை கீழே இறங்காது, நீங்கள் அழுத்துவீர்கள், மறுபடி அதே கதை. ஸ்கிரீன் விறைப்பாக இருக்க வேண்டும், துணிக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிசாலை அடிக்கும் முன் டின்னில் நன்றாகக் கிளறுங்கள். வைத்த மை கெட்டியாகத் தெரிந்தாலும் கிளறக் கிளற இளகிவிடும். கிளறாமல், மையை இளக்கும் ரெட்யூசரை ஊற்றினால் மறைக்கும் சக்தியைத்தான் கரைக்கிறீர்கள்.

காட்டனில் உங்களுக்கு வேறு இரண்டு வழியும் உண்டு. ஒன்று தண்ணீர் கலந்த பிக்மென்ட் வகை, நம் பக்கம் காதி வெள்ளை என்று கேட்டால் கொடுப்பார்கள். தொட்டால் பிளாஸ்டிசால் அளவுக்குக் கனம் தெரியாது, காற்றும் போகும். தொல்லை என்னவென்றால் ஸ்கிரீனிலேயே காய்ந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஸ்கிரீன் மேல் மையைப் பரப்பியே வைத்திருக்க வேண்டும், டீ குடிக்கப் போனால் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். ஸ்கிரீனில் டிசைன் எடுக்கப் பூசும் எமல்ஷனும் தண்ணீர் தாங்கும் வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாதி வேலையில் அந்த டிசைன் ஸ்டென்சில் கரைந்து போகும்.

இன்னொன்று டிஸ்சார்ஜ். இதில் மை நிறத்தை மறைப்பதில்லை, துணியின் சாயத்தையே எடுத்துவிடுகிறது. ஜிங்க் ஃபார்மால்டிஹைட் சல்ஃபாக்சிலேட் என்ற பவுடரைக் கலந்து அடித்து, சூடு காட்டும்போது காட்டனில் ஏற்றிய ரியாக்டிவ் சாயம் உடைந்து வெளுக்கும். அதோடு வெள்ளை பிக்மென்ட்டும் சேர்ந்திருப்பதால் கருப்பு பனியனில் தடவிப் பார்த்தால் பிரிண்ட் இருப்பதே தெரியாத மென்மையில் வெள்ளை கிடைக்கும். ஆனால் எல்லாச் சாயமும் விட்டுக்கொடுக்காது. டர்க்காய்ஸ், சில ராயல் புளூ நிறங்கள் வெளுக்கவே மாட்டா. சல்ஃபர் சாயத்தில் ஏற்றிய கருப்பிலும் இது ஆகாது. சாயப்பட்டறையில் டிஸ்சார்ஜ் ஆகிற சாயமா என்று கேட்டு, கட் பீஸில் அடித்துப் பார்த்த பிறகுதான் லாட்டைத் தொட வேண்டும். கலந்த மை சில மணி நேரத்துக்குத்தான் வேலை செய்யும். வாசனை கடுமை, கொட்டகையில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம். அடித்த துணியைக் கழுவிக் கொடுக்க வேண்டும், அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடவும் கூடாது. சாயக் கழிவால் நொய்யல் ஆற்றுக்கு என்ன ஆனது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எதனால் என்பதெல்லாம் நம் தொழிலில் இருக்கிற யாரும் மறக்கக் கூடாத விஷயம். கழிவுக்கு வழி இல்லாத சிறு பட்டறை டிஸ்சார்ஜை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

அடுத்து ஜெர்சி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் காசு போனது இங்கேதான், இனியும் போகக்கூடிய இடம் இதுதான்.

பாலியெஸ்டருக்குச் சாயம் ஏற்றுவது டிஸ்பர்ஸ் சாயத்தில். மூடிய மெஷினில் அழுத்தம் கொடுத்து 130 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏற்றினால்தான் நூலின் உள்கட்டு இளகிச் சாயத்தை உள்ளே விடும். குளிர்ந்ததும் கட்டு இறுகிவிடும், சாயம் உள்ளே மாட்டிக்கொள்ளும். நீங்கள் பிளாஸ்டிசாலை வேகவைக்க 160 டிகிரி கொடுக்கிறீர்கள். அந்தச் சூட்டில் அதே கதவு மறுபடி திறக்கிறது. சாயம் ஆவியாகி வெளியே வருகிறது, மேலே இருக்கும் பிளாஸ்டிசாலில் உள்ள எண்ணெய்ப் பசையில் இனிதாகக் கரைந்துகொள்கிறது. அன்றைக்கே ரோஸ் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரு நாளோ ஒரு வாரமோ கழித்துத் தெரியலாம், பெட்டிக்குள் வெயிலில் லாரியில் போகும்போது தெரியலாம். சிவப்பு, மெரூன், நியான் நிறங்கள் மோசம். கருப்பும் பல சாயம் கலந்ததாக இருக்கும், வெள்ளை நீலம் பாய்ந்தோ பழுப்பேறியோ போகும். சப்ளிமேஷனில், அதாவது சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி, நிறம் ஏற்றிய ஜெர்சி எல்லாவற்றையும்விட மோசம்.

உங்களிடம் இருப்பது ஹீட் பிரஸ். அதில் சூட்டுத் தட்டு நேராகத் துணி மேல் உட்காருகிறது, மையோடு சேர்ந்து துணி முழுக்க வேகிறது. எடுத்த சூட்டோடு 40 பீஸையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கவர் போட்டிருந்தீர்களானால், அடுக்கின் நடுவில் அந்தச் சூடு மணிக்கணக்கில் நின்றிருக்கும். மையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இனிமேல் பாலியெஸ்டர் வந்தால் அடிக்கும் முன் ஒரு சோதனை. ஜெர்சியின் உள்பக்க மடிப்பு ஒன்றின் மேல் வெள்ளை பாலியெஸ்டர் துண்டை வைத்து, நீங்கள் கியூரிங்குக்கு வைக்கப்போகிற அதே டிகிரியில் அரை நிமிடம் ஹீட் பிரஸ்ஸில் அழுத்துங்கள். வெள்ளைத் துண்டில் நிறம் ஏறினால் அந்தத் துணியில் சாயம் ஓடும். காட்டன் துண்டில் பார்க்காதீர்கள், டிஸ்பர்ஸ் சாயம் காட்டனைச் சரியாகப் பிடிக்காது, ஒன்றும் இல்லை என்று ஏமாந்து போவீர்கள். துண்டில் லேசாகத்தான் ஏறியது என்றால் லோ பிளீட் (சாயம் எளிதில் ஏறாதது), லோ கியூர் (குறைந்த சூட்டில் வேகுவது) என்று இரண்டும் எழுதியிருக்கும் பாலியெஸ்டர் வெள்ளை போதும், அது 130 டிகிரிக்குப் பக்கத்திலேயே வெந்துவிடும். நன்றாகவே ஏறியது என்றால் முதலில் சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற பேஸ் ஒரு கோட், ஃபிளாஷ், அதன் மேல் லோ பிளீட் வெள்ளை. அந்தச் சாம்பல் நிறம் கார்பனால் வருவது, ஏறி வரும் சாயத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பேஸின் ஓரம் வெளியே எட்டிப் பார்க்காதபடி அதன் ஸ்கிரீனை ஒரு இழை உள்ளே தள்ளி எடுங்கள். எந்த வகையானாலும் ஒவ்வொரு பீஸும் முழுக்க ஆறிய பிறகே அடுக்குங்கள். சேம்பிள் அடித்ததும் அன்றே பார்ட்டிக்கு ஓகே சொல்லாமல் இரண்டு மூன்று நாள் கனம் வைத்து மூடிவைத்துப் பாருங்கள்.

சிலிக்கான் மை இதற்கெல்லாம் மேல். குறைந்த சூட்டில் வேகும், நன்றாக இழுபடும், சாயத்தையும் சுலபமாக உள்ளே விடாது. ஆனால் விலை அதிகம், வேகவைக்க உதவும் கேட்டலிஸ்ட் மருந்து கலந்த பிறகு சில மணி நேரம்தான் தாங்கும், அதன் மேல் சிலிக்கான் தவிர வேறு எதுவும் ஒட்டாது. வேறு மை படிந்த ஸ்கிரீனையும் ஸ்குவீஜியையும் அதற்குப் பயன்படுத்தினால் வேகாமலே நிற்கும். உங்கள் அளவுக்கு இப்போது வேண்டாம் என்பேன்.

ஒரு யோசனை, மை விற்பவர் சொல்ல மாட்டார். டீம் முழுக்கப் புது ஜெர்சி தைப்பதாக இருந்தால், வெள்ளை பாலியெஸ்டர் துணியை வாங்கிச் சிவப்பைச் சப்ளிமேஷனில் ஏற்றி, நம்பரும் பெயரும் வரும் இடத்தைத் துணியின் வெள்ளையாகவே விட்டுவிடலாம். அங்கே வெள்ளை மைக்கே வேலை இல்லை, ரோஸ் ஆகிற பயமும் இல்லை. வெளியே ஜாப் ஒர்க் கொடுத்தாலும், 40 பீஸ் திரும்பி வருவதைவிட அது நல்லது.

'அப்படியானால் அந்த லோ பிளீட் வெள்ளையையே காட்டனுக்கும் போட்டுவிடுகிறேனே' என்று தோன்றும். செய்யாதீர்கள். அந்த வகை மைகள் சிலவற்றில் சாயத்தை வெளுக்கும் மருந்து சேர்ந்திருக்கும். காட்டனில் அடித்துச் சூட்டோடும் ஈரப்பதத்தோடும் அடுக்கினால், அடியில் இருக்கும் டி-ஷர்ட்டின் பிரிண்ட் மேலே இருக்கும் டி-ஷர்ட்டின் முதுகில் மங்கலான நிழலாக விழுந்துவிடும். அந்த நிழல் துவைத்தாலும் போகாது. பிசி, சிவிசி கலப்புத் துணிக்கு லோ பிளீட் போடலாம், அதிலும் ஆறவைத்து அடுக்குவது கட்டாயம். சாம்பல் நூல் கலந்த கிரே மெலாஞ்ச் துணியைக் காட்டன் என்று நினைத்துவிடாதீர்கள், பலவற்றில் பாலியெஸ்டர் கலந்திருக்கும், பற்றவைத்துப் பாருங்கள்.

நைலான் ஜெர்கின் கதை வேறு. தண்ணீர்ச் சொட்டு முத்தாக நின்றிருக்குமே, அதே கோட்டிங்தான் உங்கள் மையையும் தள்ளிவிடுகிறது. பிரிண்ட் விழும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிளாஸ்டிசாலில் நைலானில் மை பிடிக்க உதவும் பாண்டிங் ஏஜென்ட்டை டின்னில் எழுதியிருக்கும் அளவில், அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் கலந்து அடியுங்கள். மிச்சத்தை எடுத்துவைக்க முடியாது, இறுகிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த மருந்து தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. சூட்டைக் குறைத்துத்தான் வேகவைக்க வேண்டும், நைலான் சுருங்கும். அன்றே நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கவலைப்படாதீர்கள். முழுப் பிடிப்பு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குப் பிறகு சுரண்டிப் பார்த்துக் கொடுங்கள். உள்ளே லைனிங் உள்ள ஜெர்கின் அடிக்கும்போது நழுவும், மேசையில் இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் வேண்டும்.

குழந்தை உடுப்புக்குப் பிவிசி வேண்டாம் என்று பார்ட்டி கேட்பது நியாயம். பிளாஸ்டிசால் என்பதே பிவிசி தூளை பிளாஸ்டிசைசரில் குழைத்த மை. அதில் தாலேட் வகை பிளாஸ்டிசைசர் இருந்தால் குழந்தைகள் பொருளில் ஏற்றுமதிச் சோதனையில் தேறாது. குழந்தை துணியை வாயில் வைத்துச் சப்பும், அதை நினைத்தால் விதி இல்லாவிட்டாலும் நாமே யோசிப்போம். தண்ணீர் வகை பிக்மென்ட் வெள்ளை, மையைத் துணியில் நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் ஃபார்மால்டிஹைட் குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஓகோ-டெக்ஸ் 100 என்ற துணிப் பாதுகாப்புத் தரத்தில் நேராகத் தோலில் படும் பெரியவர் துணிக்கு ஃபார்மால்டிஹைட் 75 பிபிஎம் (பத்து லட்சத்தில் 75 பங்கு) வரை விடுவார்கள், கைக்குழந்தைத் துணியில் 16 பிபிஎம்முக்கு மேல் காட்டவே கூடாது. டிஸ்சார்ஜ் பவுடர் ஃபார்மால்டிஹைட் விடும், அதனால் குழந்தைத் துணியில் டிஸ்சார்ஜ் பேச்சே எடுக்காதீர்கள். மைக் கடையில் வாய் வார்த்தையை நம்பாமல் சோதனைச் சான்றிதழ் நகல் கேட்டு வாங்குங்கள், பார்ட்டியும் அதைத்தான் உங்களிடம் கேட்பார். தண்ணீர் வகையில் முதலில் தண்ணீர் போக வேண்டும், பிறகுதான் நிறத்தைத் துணியோடு ஒட்டவைக்கும் பைண்டர் வேகும். ஈரத்தோடு ஹீட் பிரஸ்ஸில் மூடி அழுத்தாதீர்கள். காற்றில் முழுக்கக் காயவிட்டு, பிறகு 150 டிகிரிக்கு மேல் இரண்டு மூன்று நிமிடம், டின்னில் வேறு அளவு எழுதியிருந்தால் அதன்படி.

நான்-ஓவன் பை அடிக்கக் கேட்டு வந்தால் ஒரு வார்த்தை: அது நெய்யாமல் செய்த பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக், 160 டிகிரியில் உருகிப் போகும், பிளாஸ்டிசால் நினைக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2019இல் அந்தப் பைக்குத் தடையும் வந்தது. துணிப்பை அடியுங்கள்.

வாங்க வேண்டியது என்ன என்று கேட்டீர்கள். காட்டனுக்கு மறைக்கும் சக்தி நல்ல ஒரு பிளாஸ்டிசால் வெள்ளை, பாலியெஸ்டருக்கு லோ பிளீட் லோ கியூர் வெள்ளை ஒன்று, குழந்தைத் துணிக்குத் தண்ணீர் வகை ஒரு கிலோ. சாம்பல் பேஸும் நைலான் பாண்டிங் ஏஜென்ட்டும் ஆர்டர் வரும்போது சின்ன டப்பாவாக வாங்கிக்கொள்ளலாம், வாங்கி வைத்தால் காலாவதியாகும். மையைவிட முதலில் நான் வாங்கச் சொல்வது, மை உண்மையில் எட்டிய சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் ஸ்ட்ரிப். ஹீட் பிரஸ் திரையில் 160 என்று காட்டுவதும் மைக்குள் 160 வந்திருப்பதும் வேறு வேறு. வெந்ததா என்று பார்க்க, ஆறிய பிரிண்ட்டை இரண்டு கையாலும் மெதுவாக இழுத்து விடுங்கள். விரிசல் விட்டு அப்படியே நின்றால் வேகவில்லை.

இப்போது அந்த 40 ஜெர்சி. ரோஸ் ஆன வெள்ளையை மறுபடி வெள்ளையாக்க முடியாது. அதன் மேல் இன்னொரு வெள்ளையைப் போட்டால் மறுபடி சூடு, மறுபடி சாயம் ஏறும். செய்யக்கூடியது, அதே டிசைனில் கருப்பையோ அடர் நேவியையோ லோ கியூர் மையில் மேலே அடிப்பது. அடர் நிறத்தில் ஓடிய சாயம் தெரியாது. பழைய பிரிண்ட் ஓரம் தெரியாமலிருக்க, புது ஸ்கிரீனில் எழுத்தைக் கால் மில்லிமீட்டர் தடிப்பாக எடுங்கள். மேனுவல் மெஷினில் அச்சு அப்படியே பழைய இடத்தில் உட்காராது, ஒவ்வொரு பீஸாகக் கண்ணால் பார்த்துப் பொருத்த வேண்டியிருக்கும். முதலில் ஒன்றே ஒன்றை அடித்து, மூன்று நாள் வைத்து, டீம் மேனேஜர் கையில் கொடுத்துக் கருப்பு நம்பர் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதித்தால் மீதி 39. சம்மதிக்கவில்லையென்றால் அந்த மையையும் உழைப்பையும் மிச்சம் பிடித்து, புது ஜெர்சிக்கான துணி விலையைப் பாதிப் பாதி பகிர்ந்துகொள்ள முடியுமா என்று பேசிப் பாருங்கள்.